சந்தா கட்டிச் சரக்கு வாங்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"விற்பனையில் வருவதல்ல லாபம், கொள்முதலில் வருவதே லாபம்" என்பது நம் தொழிலில் பெரியவர்கள் சொல்லி வந்த பாடம். ஆகவே, "ஆண்டுக்கு ஒரு தொகை கட்டி உறுப்பினராகுங்கள், உங்களுக்கு மட்டும் தனி விலை" என்று யாராவது ஓர் அட்டையை நீட்டினால் நம் மனம் சற்றே சபலப்படுவது இயற்கைதான். அந்த அட்டை லாபமா, நஷ்டமா என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நம் கடைப் பேரேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிறு வணிகருக்காகப் பிறந்த முறை

கட்டணம் வாங்கிக்கொண்டு குறைந்த விலைக்கு விற்கும் முறையை அமெரிக்காவில் வளர்த்தவர் சால் பிரைஸ் என்ற வணிகர். 1954-ல் சான் டியாகோ நகரில் 'ஃபெட்மார்ட்' என்ற கடையைத் தொடங்கியபோது அரசு ஊழியர்களிடம் 2 டாலர் உறுப்பினர் கட்டணம் வாங்கினார். பிறகு 1976-ல் அதே நகரில், பழைய விமானக் கொட்டகை ஒன்றில் 'பிரைஸ் கிளப்' என்ற கிடங்குக் கடையைத் திறந்தார். அங்கே ஆண்டுக் கட்டணம் 25 டாலர். முதலில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? நம்மைப் போன்ற சிறு வணிகர்கள்தான்! குடும்பங்களுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது.

அவரிடம் தொழில் கற்ற ஜிம் சினிகல், ஜெஃப்ரி பிராட்மன் என்பவருடன் சேர்ந்து 1983-ல் சியாட்டில் நகரில் 'காஸ்ட்கோ'வைத் தொடங்கினார். 1993-ல் பிரைஸ் கிளப்பும் காஸ்ட்கோவும் ஒன்றாயின.

லாபம் எங்கே இருக்கிறது?

காஸ்ட்கோவின் வரவு செலவைப் பார்த்தால் இந்த முறையின் சூட்சுமம் விளங்கும். அங்கே ஒரு கிடங்கில் சுமார் 4,000 வகைச் சரக்குகள்தான் இருக்கும். கொள்முதல் விலைமேல் 14, 15 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை என்பது அவர்களின் நெடுநாள் கட்டுப்பாடு. 2024 நிதியாண்டில் அந்நிறுவனத்தின் விற்பனை 24,900 கோடி டாலருக்கு மேல். உறுப்பினர் கட்டணமாக மட்டும் வந்தது 480 கோடி டாலருக்கு மேல். விற்பனையோடு ஒப்பிட்டால் இது 2 சதவீதம்கூட இல்லை. ஆனால் அவ்வாண்டின் செயல்பாட்டு லாபமான சுமார் 928 கோடி டாலரில் இது பாதிக்கும் மேல்!

சரக்கில் கிடைக்கும் லாபம் கடையை நடத்துகிறது, கட்டணமே கல்லாவில் மிஞ்சுகிறது. கட்டணம் கட்டிய வாடிக்கையாளர், போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்று அதே கடைக்குத் திரும்பத் திரும்ப வருகிறார். அங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அமெரிக்கக் குடும்பத்தின் கணக்கு

2024 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் காஸ்ட்கோவின் சாதாரண அட்டைக்கு ஆண்டுக்கு 65 டாலர், உயர்வகை அட்டைக்கு 130 டாலர். உயர்வகை அட்டைக்காரருக்கு, தகுதியுள்ள கொள்முதலில் 2 சதவீதம் ஆண்டுக்கு ஒருமுறை திரும்பக் கிடைக்கும். அப்படியானால் கூடுதலாகக் கட்டும் 65 டாலரை மீட்க எவ்வளவு வாங்க வேண்டும்? 65-ஐ 2 சதவீதத்தால் வகுத்தால் 3,250 டாலர். மாதம் சுமார் 271 டாலர். அதற்கு மேல் எப்படியும் வாங்கும் குடும்பத்துக்கு உயர்வகை அட்டை லாபம். குறைவாக வாங்கும் குடும்பத்துக்குச் சாதாரண அட்டையே போதும்.

'எப்படியும் வாங்கும்' என்ற சொற்களைக் கவனியுங்கள். அட்டைக்காசை மீட்பதற்காகவே தேவையில்லாததை வாங்கினால், அது மிச்சம் அல்ல, செலவு.

நம் கடைக்கு அதே கணக்கு

குடும்பத்தின் கணக்கு இரண்டே வரியில் முடிந்துவிடும். கடைக்காரரின் கணக்கில் இன்னும் சில வரிகள் உண்டு. கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சந்தா 2,000 ரூபாய். நீங்கள் வழக்கமாக வாங்கும் மொத்த வியாபாரியின் விலையைவிட 1.5 சதவீதம் குறைவு. சந்தாவை மீட்க 1,33,333 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தால் போதும். "ஒரு மாதத்திலேயே எடுத்துவிடலாமே!" என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள்.

முதலாவது, கடன் தவணை. உங்கள் மொத்த வியாபாரி 15 நாள் தவணை தருகிறார், சந்தாக் கடையிலோ ரொக்கம் என்று கொள்வோம். நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் மாத வட்டி என்றால், ஒரு லட்சம் ரூபாய்க்கு 15 நாள் வட்டி 750 ரூபாய். 0.75 சதவீதம் அங்கேயே போய்விட்டது. கையில் மிஞ்சுவது 0.75 சதவீதம்தான். இப்போது சந்தாவை மீட்க 2,66,667 ரூபாய்க்கு வாங்க வேண்டும்.

இரண்டாவது, வண்டிக் கூலி. மொத்த வியாபாரி கடைக்கே சரக்கை அனுப்பிவிடுகிறார். சந்தாக் கடையிலிருந்து நாம்தான் ஏற்றி வர வேண்டும். மாதம் ஒரு நடைக்கு 300 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 3,600 ரூபாய். சந்தாவையும் சேர்த்தால் 5,600 ரூபாய். இதை மீட்க ஆண்டுக்கு சுமார் 7,46,700 ரூபாய்க்கு, அதாவது மாதம் 62,000 ரூபாய்க்கு மேல் அந்த ஓரிடத்திலேயே வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் ரூபாய் லாபம். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்?

கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. தள்ளுபடி எந்த விலையிலிருந்து? அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து கழித்துக் காட்டுவது நமக்குப் பயன்படாது. நாம் இப்போது கொடுக்கும் கொள்முதல் விலையோடுதான் ஒப்பிட வேண்டும். கம்பெனி ஸ்கீம், இலவசச் சரக்கு இவற்றையும் கழித்த விலையாக அது இருக்கட்டும்.

2. நம் கடையில் ஓடும் சரக்குக்கு விலை குறைவா, ஓடாத சரக்குக்கா? அதிகம் விற்கும் 20 சரக்குகளை எழுதி இரண்டு இடத்து விலையையும் பக்கத்தில் பக்கத்தில் குறியுங்கள்.

3. ஒரே முறையில் அதிக அளவு எடுக்க வேண்டுமா? இரண்டு மாதச் சரக்கை ஒரே நாளில் எடுத்தால் முதல் முடங்கும். பருப்பில் வண்டு விழுந்தாலும், பிஸ்கட் தேதி கடந்தாலும் நஷ்டம் நம் தலையில்தான்.

4. கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி. உண்டா? ஆண்டு முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கப்படுமா? பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? காஸ்ட்கோ திருப்தி இல்லையென்றால் உறுப்பினர் கட்டணத்தைத் திருப்பித் தருகிறது. நம்மிடம் வருபவர் தருவாரா என்று எழுத்தில் கேளுங்கள்.

5. பழைய மொத்த வியாபாரியிடம் கொள்முதல் குறைந்தால் அவர் தரும் தவணையும் குறையுமா? தட்டுப்பாடான காலத்தில் முதல் மூட்டையை நமக்கு அனுப்புபவர் அவர்தான். அந்த உறவுக்கும் ஒரு விலை உண்டு.

நாமே அட்டை போட்டால்?

சில நண்பர்கள் தங்கள் கடையிலேயே இப்படி ஓர் அட்டை போடலாமா என்று யோசிக்கக்கூடும். மாதம் 4,000 ரூபாய்க்கு வாங்கும் குடும்பத்துக்கு 300 ரூபாய் அட்டை, 3 சதவீதத் தள்ளுபடி என்று கொள்வோம். ஆண்டுக்கு 48,000 ரூபாய் வியாபாரத்தில் தள்ளுபடி 1,440 ரூபாய். அட்டைக் கட்டணம் போக நம் கைப்பணம் 1,140 ரூபாய். சராசரி லாபம் 10 சதவீதம் என்றால், தள்ளுபடி போக நிற்பது 7 சதவீதம். விட்டதைப் பிடிக்க அந்தக் குடும்பம் ஆண்டுக்கு சுமார் 16,300 ரூபாய்க்கு, மாதம் சுமார் 1,360 ரூபாய்க்குக் கூடுதலாக நம்மிடம் வாங்க வேண்டும். வேறு கடையில் வாங்கும் எண்ணெயும் சோப்பும் நம்மிடம் வந்தால்தான் அது நடக்கும். வராது என்று தோன்றினால் அட்டை வேண்டாம். சரியான எடை, வீட்டுக்கே அனுப்பும் வசதி, பண்டிகைக்கு ஒரு சிறு அன்பளிப்பு ஆகியவையே அதைவிடக் குறைந்த செலவில் வாடிக்கையாளரைக் கட்டிப்போடும்.

முடிவாக ஒன்று. சந்தா கட்டிவிட்டோம் என்பதற்காக ஒருபோதும் சரக்கு எடுக்காதீர்கள். கட்டிய பணம் கட்டியதுதான். அதன் பிறகு ஒவ்வொரு மூட்டையையும் அன்றைய விலையைப் பார்த்தே வாங்குங்கள். அட்டை வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துப் பில்களை எடுத்து, மேலே சொன்ன கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். மிச்சம் இருந்தால் தொடருங்கள். இல்லையென்றால் புதுப்பிக்கும் நாள் வருமுன்னே அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.