போன மெயில் திரும்பி வருமா?

எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி இருக்கிறான். போன வாரம் மேனேஜரைப் பற்றி எழுதிய மெசேஜை மேனேஜருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். இரண்டு விநாடி முகம் வெளிறிப் போனது. மூன்றாவது விநாடி மெசேஜின் மேல் விரலை அழுத்தி, 'எல்லோருக்கும் அழி' என்பதை ஒரு தட்டு. அவ்வளவுதான். டீ குடிக்கப் போய்விட்டான்!

எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே... வாட்ஸ்அப்பில் இந்த வசதி வந்தது 2017-ல். எனக்குத் தேவைப்பட்டது 2000 பிப்ரவரியில். பதினேழு வருஷம் லேட்!

கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1999-ல் நான் பி.காம். முடித்துவிட்டு திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். ஒரு ரூமுக்கு மூன்று பேர், ஒரு ஃபேன். பகலில் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுவேன். சாயங்காலம் கம்ப்யூட்டர் கிளாஸ். எம்.எஸ். ஆபீஸ், கூடவே இன்டர்நெட். மூன்று மாத கோர்ஸ்.

கிளாஸில் எட்டு கம்ப்யூட்டர், ஆனால் ஒரே ஒரு டெலிபோன் லைன். மோடம் 'கீ... க்ர்ர்ர்... டொய்ங்' என்று இரண்டு நிமிஷம் பிரசவ வேதனைப்பட்டு கனெக்‌ஷன் பிடிக்கும். பக்கமும் பாதி வந்திருக்கும். அப்போது பார்த்து ஆபீஸ் ரூமில் யாராவது ரிசீவரை எடுப்பார்கள். போச்சு! மறுபடியும் 'கீ...'

இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். தனியார் கம்பெனிகளுக்கு அனுமதி கிடைத்தது 1998 நவம்பரில். அதன் பிறகுதான் தெருவுக்குத் தெரு ப்ரவுசிங் சென்டர்கள் முளைத்தன. எங்கள் மேன்ஷனுக்குப் பின்னாலும் ஒன்று. பிளைவுட் தடுப்பு, ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். அரை மணிக்கு முப்பது ரூபாய். என் இரண்டு வேளைச் சாப்பாடு அது.

அங்கேதான் ஹாட்மெயிலில் எனக்கு ஒரு விலாசம் கிடைத்தது. பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித் என்ற அமெரிக்கரும் சேர்ந்து 1996 ஜூலை 4-ல் ஆரம்பித்தது. அடுத்த வருஷக் கடைசியில் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. நான் சேர்ந்தபோது மொத்த இடமே 2 எம்.பி. இன்றைக்கு ஒரு 'குட் மார்னிங்' ரோஜாப்பூவை வைத்தால் நிரம்பிவிடும்!

முதல் நாள் கூத்து. பாஸ்வேர்டு அடித்தால் திரையில் நட்சத்திரம் நட்சத்திரமாக விழுகிறது. "சார், கீபோர்டு ரிப்பேர்" என்று சென்டர்காரரைக் கூப்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்து பேராவது இதையே சொல்வார்களாம்.

அப்புறம் அந்த @. கடைக்காரர் பில்லில் 'கிலோ இத்தனை வீதம்' என்று போடுகிற சுழி. இது விலாசத்துக்குள் எப்படி வந்தது? 1971-ல் ரே டாம்லின்சன் என்ற இன்ஜினீயர், ஆள் பெயரையும் மெஷின் பெயரையும் பிரிக்க இந்தக் குறியைப் போட்டிருக்கிறார். யார் பெயரிலும் வராத குறி என்பதால் பிடித்துக்கொண்டார். நம் ஊரில் அது 'அட் த ரேட் ஆஃப்' ஆகிவிட்டது. இன்றைக்கும் பாங்க்கில் மெயில் ஐ.டி. சொல்லும்போது நாம் வட்டி விகிதம் சொல்வது மாதிரிதான் சொல்கிறோம்.

சாட் ரூமுக்குப் போனது தனிக் கேவலம். உள்ளே போன உடனே எவனோ 'ஏ.எஸ்.எல்.?' என்றான். இ.எஸ்.ஆர். மாதிரி ஏதோ ரத்தப் பரிசோதனை போலிருக்கிறது என்று நினைத்து, 'எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது' என்று பதில் போட்டேன். வயசு, ஆணா பெண்ணா, ஊர். இதைத்தான் சுருக்கிக் கேட்டிருக்கிறான். விளக்கம் தெரிந்ததும் அப்பா பெயர், படிப்பு, மார்க் சதவிகிதம் எல்லாம் சேர்த்து பயோடேட்டாவாகவே அடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆள் இல்லை.

இதெல்லாம் எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்றால், அண்ணன்.

அண்ணன் 1998-ல் ஒய்-டு-கே வேலைக்காக அமெரிக்கா போனவன். பழைய கம்ப்யூட்டர்களில் வருஷத்தைக் கடைசி இரண்டு இலக்கமாகவே வைத்திருந்தார்கள். 2000 பிறந்தால் '00' என்பதை 1900 என்று மெஷின் நினைத்துக்கொள்ளும் என்று பயம். கோபால் என்ற பழைய மொழி தெரிந்த பையன்களை, நம் ஊரிலிருந்து பிளேன் பிளேனாக ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் நியூ ஜெர்ஸிக்குப் போனான். கோபால் படிக்கவும் டிக்கெட்டுக்கும் மன்னார்குடி பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போனது.

போனில் பேச நிமிஷத்துக்கு அறுபது ரூபாயை ஒட்டி ஆகும். அதனால் குடும்பத்தின் தபாலாபீஸ் நான்தான். அண்ணன் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து மெயில் போடுவான். நான் அதைப் பார்த்து இன்லேண்ட் லெட்டரில் தமிழில் எழுதி ஊருக்கு அனுப்புவேன். அம்மா பதில் எழுதுவாள். அதை நான் ஆங்கில எழுத்தில் தட்டுவேன். நியூ ஜெர்ஸியிலிருந்து திருவல்லிக்கேணிக்கு ஒரு நிமிஷம். திருவல்லிக்கேணியிலிருந்து எங்கள் ஊருக்கு மூன்று நாள்!

இதில் ஒரு முறை, 'இங்கே ஒரே மலை, ஆபீஸ் போகவே கஷ்டம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அம்மாவிடமிருந்து பதில்: 'மலை ஏறி இறங்கி வேலைக்குப் போக வேண்டாம்னு சொல்லு. கீழேயே ஒரு வேலை பார்க்கச் சொல்லு.' அவன் சொன்னது மழை. ஆங்கில எழுத்துக்கு நம்ம 'ழ' எங்கே தெரியும்?

2000 பிறந்தது. ஒரு பிளேனும் விழவில்லை, ஒரு பாங்க்கும் மூழ்கவில்லை. பிப்ரவரியில் அண்ணனிடமிருந்து நாலு வரி. 'தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் அனுப்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.' அவ்வளவுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆவணியில் கல்யாணம் பேசியாகிவிட்டது. பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்த ரூம்மேட்டுக்கு அந்த மெயிலை அனுப்பிப் புலம்பலாம் என்று உட்கார்ந்தேன். 'பார்த்தியாடா டாலர்காரன் கணக்கை! வீட்டுப் பத்திரத்தை வச்சு அனுப்பினாரு எங்கப்பா. அங்கே கார் வாங்கியிருப்பான், ஏ.சி.யில உக்காந்து பீட்சா தின்னுவான். தங்கச்சின்னா மட்டும் கை வராது. இவன் எல்லாம் ஒரு அண்ணன்!' அடித்தேன். அனுப்பினேன்.

'உங்கள் மெயில் அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தது. கீழே, யாருக்கு என்றும் போட்டிருந்தது. அண்ணன் விலாசம். ஃபார்வர்டுக்குப் பதில் ரிப்ளையை அழுத்தித் தொலைத்திருக்கிறேன்!

ஏ.சி.யில் வியர்த்தது. முதலில் என்ன செய்தேன் தெரியுமா? 'பேக்' பட்டனை அழுத்தினேன். பக்கம் திரும்பியது, மெயில் திரும்பவில்லை. சென்டர்காரரிடம் ஓடினேன். "சார், போன மெயிலைப் பிடிக்க முடியுமா?"

"தபால் பெட்டியில போட்டிருந்தா பக்கத்துலயே நின்னு போஸ்ட்மேன் கால்ல விழலாம் தம்பி. இது இந்நேரம் அங்கே போய் உக்காந்திருக்கும்."

கேவலமான இன்னொரு காரியமும் செய்தேன். அண்ணனுடைய பெட்டியைத் திறந்து, அவன் பார்ப்பதற்குள் அழித்துவிடலாம் என்று பாஸ்வேர்டை யூகித்துப் பார்த்தேன். அம்மா பெயர், இல்லை. குலசாமி பெயர், இல்லை. தங்கச்சி பெயர், ஊர்ப் பெயர், அவன் காலேஜில் சுற்றிய பெண்ணின் பெயர்கூட! எதுவும் திறக்கவில்லை. அறுபது ரூபாய் போனதுதான் மிச்சம்.

அப்புறம் ஒன்பது நாள். தினமும் சென்டருக்குப் போவேன், பெட்டி காலியாக இருக்கும், திரும்பி வருவேன். சாப்பாடு ஒரு வேளை குறைந்தது. பத்தாவது நாள் பதில் வந்திருந்தது. திறக்கவே ஐந்து நிமிஷம் ஆனது, மனசு வராமல்.

'தம்பி, படிச்சேன். கோபம் இல்லை. நான்தான் சொல்லியிருக்கணும். ஒய்-டு-கே முடிஞ்சதும் ப்ராஜெக்டும் முடிஞ்சுபோச்சு. ஜனவரியிலேர்ந்து வேலை இல்லை. கூட்டி வந்த ஏஜென்ட் சம்பளத்தை நிறுத்திட்டான். ஒரே வீட்டுல ஆறு பேர் இருக்கோம். கார் இல்லைடா. லைப்ரரியில அரை மணி நேரம் கம்ப்யூட்டர் ஃப்ரீயா தருவாங்க, பனியில நடந்துதான் வரணும். அதான் பதில் லேட். அம்மா, அப்பாகிட்ட சொல்லிடாதே. உன் ஃப்ரெண்டுக்கும் இதை அனுப்பிடு. ரிப்ளைக்குப் பக்கத்துல இருக்கிறதுதான் ஃபார்வர்டு.'

அந்தக் கடைசி வரிக்கு நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் தெரியாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எட்டிப் பார்த்தார், அது ஞாபகம் இருக்கிறது.

இப்படி வேலை கொடுக்காமல் உட்கார்த்தி வைத்தாலும் சம்பளம் தர வேண்டும் என்று 1998-லேயே அமெரிக்காவில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் விசா அந்த ஏஜென்ட் கையில். கேஸ் போட்டால் பிளேன் ஏற்றிவிடுவான் என்ற பயத்தில் பையன்கள் வாயைத் திறக்கவில்லை. வேறு கம்பெனி பிடித்து அவர்கள் விசா போட்டால்தான் தப்பிக்க முடியும்.

'உன் ரெஸ்யூமை அனுப்பு. நான் இங்கேயிருந்து கம்பெனிகளுக்கு அனுப்புறேன். பதிலையும் நானே பார்த்துச் சொல்றேன்' என்று எழுதினேன். நமக்கு ராத்திரி ஒன்பது என்றால் அங்கே அப்போது காலை பத்தரை. பெட்டியைத் திறக்க பாஸ்வேர்டு அனுப்பினான்.

பொடியன்77.

77 நான் பிறந்த வருஷம். பொடியன், ஊரில் என்னைக் கூப்பிடுகிற பெயர். எல்லோர் பெயரையும் போட்டுப் பார்த்த எனக்கு என் பெயரைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த மூன்று மாதத்தில்தான் நான் இன்டர்நெட் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். கிளாஸில் கொடுத்த சர்ட்டிஃபிகேட் எல்லாம் சும்மா. மான்ஸ்டர், டைஸ் என்ற வேலை தேடும் தளங்களில் விலாசம் பொறுக்கினேன். பொருள் எழுதாத மெயிலை எவனும் திறக்க மாட்டான் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் கேபிடல் எழுத்தில் அடித்தால் கத்துகிற மாதிரி என்றும் தெரிந்தது. (ஆடிட்டர் ஆபீஸில் டெலக்ஸ் பார்த்து வளர்ந்தவன், நான் கத்தியே பழகியவன்.) ரெஸ்யூமை இணைக்காமலேயே 'இணைத்திருக்கிறேன்' என்று பதினொரு பேருக்கு எழுதினேன்.

இன்னொரு நாள் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று இருபத்திரண்டு கம்பெனி விலாசத்தையும் ஒரே மெயிலில் வரிசையாகப் போட்டு அனுப்பினேன். ஒருவர் பதில் போட்டார்: 'மற்ற இருபத்தொரு பேரிடமும் வேலை கிடைக்க வாழ்த்துக்கள்.' அவர் புண்ணியத்தில் பி.சி.சி. என்றால் என்ன என்று கற்றேன். டைப்ரைட்டிங் கிளாஸில் கார்பன் வைத்து காபி எடுப்போமே, அதேதான். ஆனால் வேறு யார் யாருக்குப் போயிருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது.

கஷ்டமாக இருந்தது இன்லேண்ட் லெட்டர்தான். வராத கடிதத்தை வந்ததாக எழுத வேண்டும். 'அண்ணன் சௌக்கியம். வேலை அதிகம். குளிர் பரவாயில்லை.' மூன்று கடிதம் எழுதினேன். நாலாவதுக்கு அம்மாவின் பதில்:

'இது அவன் எழுதுற மாதிரி இல்லையே, நீ எழுதுற மாதிரி இருக்கு. செவலைக் கன்னு போட்டுச்சான்னு கேக்காம அவன் ஒரு லெட்டர் எழுத மாட்டான். அவனுக்கு வேலை போயிடுச்சா? கல்யாணத்தைத் தை மாசத்துக்குத் தள்ளி வச்சுக்கலாம்னு மாப்பிள்ளை வீட்டுல அப்பா பேசிட்டாரு. பயப்படாம இருக்கச் சொல்லி எழுது. கன்னு போட்டுச்சு, காளைக் கன்னு.'

ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே தட்டி அனுப்பினேன். அனுப்பும் முன் விலாசத்தை நாலு தரம் பார்த்தேன்.

மே மாதம் ஒஹையோவில் ஒரு கம்பெனி பதில் போட்டது. தங்கச்சி கல்யாணம் 2001 தையில். பாதி அண்ணன் பணம், பாதி அப்பாவின் பி.எஃப். வீட்டுப் பத்திரம் திரும்பி வர இன்னும் நாலு வருஷம் ஆனது.

அண்ணன் அங்கேயே தங்கிவிட்டான். இப்போது வாட்ஸ்அப்தான், தமிழிலேயே, 'ழ'வோடு. முந்தாநாள் காலையில் எழுந்து பார்த்தால் அவனிடமிருந்து ஒரு வரி: 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது.'

உடனே போன் போட்டேன்.

"என்னண்ணே அழிச்சே?"

"ஒண்ணுமில்லடா. உங்க அண்ணிக்கு எழுதினது, தப்பா உனக்கு வந்துடுச்சு."

"என்ன எழுதினே?"

"உன்னைப் பத்திதான்" என்றான். சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டான்.