கூத்துக் கலைஞரின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

சேலம், நாமக்கல் சமவெளியில் மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டியதும் பல ஊர்களில் கூத்துக்கு அச்சாரம் கொடுக்கப்படுகிறது. மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் ஆகியவற்றோடு விடியவிடியப் பாரதக் கதை நிகழ்த்தப்படுகிறது. இக்கலைஞர்களுள் பலர் அருந்ததியர், பறையர், வண்ணார், நாவிதர் உள்ளிட்ட சாதிகளில் பிறந்து, கூலிவேலையையும் கூத்தையும் சேர்த்தே பிழைப்பவர்கள். இரவில் தருமராகக் கொலுவிருந்தவர், அரிதாரம் கலைந்ததும் மீண்டும் சாதிப் பெயருக்குள் தள்ளப்படுகிறார். ‘கூத்தாடி’ என்னும் தொழிற்பெயரே நம் அரசியல் மேடைகளில் வசைச்சொல்லாகப் புழங்குகிறது.

திருவிழா அழைப்பிதழில் உபயதாரர் பெயர் அச்சேறுகிறது. கோயில் கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் பொறிக்கப்படுகிறது. இரவெல்லாம் ஆடியவரின் பெயர் எங்கே பதிவாகிறது?

இதே கேள்வியை நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பினக் கலைஞர்களும் எதிர்கொண்டனர். பாட்டு, ஆட்டம், நகைச்சுவை, வித்தை ஆகியவற்றை ஒரே கூடாரத்தில் வழங்கிய பயணக் குழுக்கள் அவர்களுடையவை. பாட் சாப்பெல் என்ற கறுப்பினத்தவர் 1900இல் தொடங்கிய ‘ராபிட்ஸ் ஃபுட்’ குழு அவற்றுள் புகழ்பெற்றது. மா ரெய்னி போன்ற பாடகியர் இத்தகைய கூடாரங்களில் வளர்ந்தவர்களே. 1911இல் சாப்பெல் இறந்தபின் குழு வெள்ளையர் ஒருவரின் உடைமையாயிற்று. 1920இல் உருவான அரங்க உரிமையாளர் சங்கமான ‘டோபா’, கறுப்பினக் கலைஞர்களுக்கு வேலை தந்தது. ஆனால் கூலியும் வசதியும் மோசம். அதன் பெயரெழுத்துகளுக்குக் ‘கறுப்பினக் கலைஞர்களை வதைப்பது’ என்ற பொருளில் கலைஞர்களே கசப்பான விரிவாக்கம் தந்தனர்.

இந்த வரலாறு இன்று எழுதப்பட முடிந்ததற்கு முதன்மைக் காரணம் கறுப்பினத்தார் நடத்திய இதழ்களே. ‘இண்டியானாபொலிஸ் ஃப்ரீமன்’ வார இதழுக்குக் கலைஞர்கள் ஊர் ஊராக இருந்து கடிதம் எழுதினர்: யார் எந்தக் குழுவில், அடுத்து எந்த ஊர், யாருக்கு உடல்நலமில்லை. அன்று சாதாரணச் செய்தியாக இருந்தவற்றைத் திரட்டித்தான் லின் அபாட், டக் செரோஃப் ஆகிய ஆய்வாளர்கள் 2007இல் பெருநூல் வெளியிட்டனர்.

நமக்கும் இதழ் மரபு உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறைய’னையும், அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழ’னையும் தொடங்கினர். சேலம் மாவட்டம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ இதழ் வழியாகவும் களரி அமைப்பின் வழியாகவும் கூத்துக் கலைஞர்களைப் பதிவு செய்துவருகிறார். ஒருவர் தோளில் மட்டும் சுமத்திவிடக்கூடிய பணியன்று இது.

இப்பணியில் சட்டம் துணைநிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடிகர், பாடகர், இசைக்கலைஞர் முதல் பாம்பாட்டி வரை அனைவரையும் ‘நிகழ்த்துநர்’ என ஏற்கிறது. 38ஆம் பிரிவின்படி அவரது உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், தம் நிகழ்ச்சியில் தாமே நிகழ்த்தியவர் என அடையாளம் காட்டப்படும் உரிமையையும் சேர்த்தது. சொந்தப் பயன்பாட்டுக்கோ, நேர்மையான ஆய்வு, கற்பித்தலுக்கு மட்டுமோ பதிவுசெய்வதை 39ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அப்பதிவைக் கலைஞரின் இசைவின்றி யூடியூபில் ஏற்றி விளம்பர வருவாய் ஈட்டுவதற்கு அது கேடயமாகாது.

ஆகவே கூத்துக்குச் செல்லும் மாணவர்கள் கைபேசியை உயர்த்துமுன் கலைஞரிடம் இசைவு கேட்க வேண்டும். பதிவோடு அவர் பெயர், ஊர், வேடம், ஆசிரியர் பெயர், பெற்ற கூலி, நாள் ஆகியவற்றை எழுத வேண்டும். சாதி அடையாளத்தை வெளியிடுவதா என்பதை அவரே முடிவுசெய்யட்டும். பாடல் எழுதிய பழைய நோட்டுகளைப் படியெடுத்து, மூலத்தை அவரிடமே திருப்பித் தர வேண்டும். பதிவின் ஒரு படியும் அவருக்குச் சேர வேண்டும்.

கலையைக் கொண்டாடிவிட்டுக் கலைஞரை மறப்பது சாதியச் சமூகத்துக்குப் பழக்கமானது. அவர் பெயரை எழுதிவைப்பதிலிருந்துதான் வேறொரு பழக்கம் தொடங்கும்.