போன கிலோ எங்கே போச்சு, தெரியுமா?

1988 நவம்பர் 15. அமெரிக்கத் தொலைக்காட்சி மேடைக்குத் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே ஒரு சிவப்புக் கைவண்டியை இழுத்துக்கொண்டு வருகிறார். வண்டி நிறைய விலங்குக் கொழுப்பு! 67 பவுண்டு, நம் கணக்கில் 30 கிலோ. தன் உடம்பிலிருந்து இறக்கியது எவ்வளவு என்று காட்டத்தான் அந்த வண்டி. எப்படி இறக்கினார் தெரியுமா? நான்கு மாதம் பல்லுக்கு வேலையே கொடுக்காமல், வெறும் திரவ உணவு! நாடே வாயைப் பிளந்தது. ஆனால் சாப்பாட்டுக்குத் திரும்பிய இரண்டே வாரத்தில் 10 பவுண்டு ஏறிவிட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். மீதியும் வண்டி வைக்காமலே வந்து சேர்ந்தது.

‘மூன்றே நாள் ஜூஸ், இரண்டு கிலோ காலி!’ என்று சத்தியம் செய்கிறார்களே, அது பொய்யா? இல்லை, நிஜம்! ஆனால் போனது கொழுப்பு இல்லை. ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் ஏறக்குறைய அரைக் கிலோ மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் உடம்பு முதலில் உடைப்பது இந்த உண்டியலைத்தான். மாவுச்சத்து கரையக் கரைய, அது பிடித்திருந்த தண்ணீரும் பாத்ரூம் வழியே போய்விடுகிறது. எடை மெஷின் முள் இறங்குகிறது, நாம் செல்ஃபி எடுக்கிறோம். அப்புறம் இரண்டு நாள் ஒழுங்காகச் சோறு சாப்பிட்டால் போதும், போன விருந்தாளி பெட்டியோடு திரும்பி வந்துவிடுவார்!

சரி, நச்சு வெளியேறுகிறதே? எந்த நச்சு? 2009-இல் பிரிட்டனில் ‘சென்ஸ் அபௌட் சயின்ஸ்’ அமைப்பின் இளம் விஞ்ஞானிகள், டீடாக்ஸ் என்று முத்திரை குத்தி விற்ற 15 பொருட்களைப் பற்றி அந்தந்தக் கம்பெனிகளிடமே விசாரித்தார்கள். டீடாக்ஸ் என்றால் என்ன என்பதற்கு ஒரு கம்பெனி சொன்ன விளக்கம் இன்னொன்றோடு ஒத்துப்போகவே இல்லை! நம் சிறுநீரகங்களோ யாரையும் கேட்காமல் தினமும் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. குடக்கணக்கில் 12 குடம்! அத்தனையும் அலசி, வேண்டாததை ஒன்றரை லிட்டரில் வெளியே தள்ளுகின்றன. (ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றிய பாட்டிகள் பாவம், அதற்கு டீடாக்ஸ் என்று பெயர் வைத்துப் பில் போடத் தெரியாதவர்கள்!)

டீடாக்ஸ் பட்டியலில் இன்னொரு கரைசலும் உண்டு: எலுமிச்சைச் சாறு, மேப்பிள் சிரப், மிளகாய்த்தூள், தண்ணீர். குறைந்தது 10 நாள் இது மட்டும்தான். ‘ட்ரீம்கேர்ள்ஸ்’ படத்துக்காகப் பாடகி பியான்சே இளைத்தது இந்தக் கரைசலில்தான். இதைக் கண்டுபிடித்த ஸ்டான்லி பரோஸ் டாக்டரே இல்லை, தெரியுமா? ரத்தப் புற்றுநோய் வந்த ஓர் இளைஞருக்கு இந்த எலுமிச்சைத் தண்ணீர், வண்ண விளக்கு, மசாஜ் என்று வைத்தியம் பார்த்தார். இளைஞர் இறந்துபோனார். வழக்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984-இல் கொலைத் தீர்ப்பு ரத்தானது. உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்த குற்றம் மட்டும் நிலைத்தது. அவருடைய கரைசலும் நிலைத்துவிட்டதுதான் ஆச்சரியம்!

அதைவிடக் கொடுமை, 1970-களின் ‘திரவப் புரோட்டீன்’. கசாப்புக் கூடத்தில் மிஞ்சிய தோலையும் தசைநாரையும் கரைத்து, வாசனையும் இனிப்பும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்தார்கள். 1977, 78 ஆண்டுகளில் இதைக் குடித்து இளைத்தவர்களில் ஏறக்குறைய 60 பேரின் மரணம் பதிவானது. பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றது.

அப்படியானால் திரவ உணவே ஆகாதா? அவசரப்படாதீர்கள்! பிரிட்டனில் ‘டைரக்ட்’ என்ற ஆய்வு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்குச் சுமார் 850 கலோரி, சத்துகளை அளந்து சேர்த்த கரைசல் மட்டும். ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 46 பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள்! வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது வெறும் 4. ஆனால் அங்கே கரைசலில் புரோட்டீன், உப்பு, வைட்டமின் எல்லாம் இருந்தன. மாத்திரையை நிறுத்தவும் மீண்டும் சோற்றுக்கு வரவும் பக்கத்திலேயே ஆள் இருந்தது. கடைப் பாட்டில் ஜூஸில் இதெல்லாம் ஏது? வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் சேரும் என்பதையும் பாட்டிலில் எழுதுவதில்லை. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை போடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

பச்சைக் காய்ச் சாறு என்ன செய்துவிடும் என்கிறீர்களா? கேரளத்தில் ரத்தக் கொழுப்பு குறையும் என்று நம்பி இரும்பன் புளி, அதாவது பிலிம்பிக் காயைச் சாறாக்கிக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 2013-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். காயிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்துக்குள் படிகமாகப் படிந்துவிட்டது. 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. ஊறுகாயாக ஒரு துண்டு தொட்டுக்கொள்வது வேறு, ஒரு டம்ளர் சாறு வேறு!

சாதுவான சுரைக்காய்கூட விதிவிலக்கில்லை. 2010-இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தார். சில சுரைக்காய்களில் குக்குர்பிடசின் என்ற கசப்பு நஞ்சு ஏறிவிடும். பார்த்தால் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிபுணர் குழுவே ஆராய்ந்து சொன்னது இது. அதனால் மிக்ஸியில் போடுவதற்கு முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் குப்பையில் போடுங்கள்.