காலி டேங்க்தானே என்று நினைக்காதீர்கள்

பாய்மரப் படகு காற்றில் ஓடும் என்றாலும், காற்று நின்றுபோனால் கரை சேர அதில் ஒரு சிறிய எஞ்சினும் டேங்க்கும் இருக்கும். 1970, 80களில் கட்டப்பட்ட ஃபைபர் படகுகள் பலவற்றில் டேங்க்கை முதலில் வைத்துவிட்டு, அதன்மேல் தளத்தைப் பூட்டினார்கள். டீசலோடு சேரும் தண்ணீர் அடியில் தங்கி, உள்ளிருந்தே தகட்டை அரிக்கும். பிறகு டேங்க்கை வெளியே எடுத்தாக வேண்டும். உயிருக்கு ஆபத்தான வேலை இதுதான்.

தீப்பற்றுவது எண்ணெய் அல்ல, அதன் ஆவி. நிறைந்த டேங்க்கில் ஆவிக்கு இடம் குறைவு. காலி டேங்க்கிலோ ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன, ஒரு பொறி போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையில் நிற்கும் வண்டியில் கசிந்தால் கலைந்துபோகும். படகோ கிண்ணம் போன்றது, ஆவி அடியிலேயே தேங்கும். "டீசல்தானே" என்று அலட்சியம் செய்பவர்கள் உண்டு. சாதாரண வெப்பத்தில் அது எளிதில் பற்றாது, உண்மை. ஆனால் வெல்டிங்கோ கிரைண்டரோ பட்டு சூடேறினால் டீசலும் ஆவியாகும். நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய டிரம்மை அப்படியே வெட்டுகிறார்களே, அங்கும் இதே ஆபத்துதான்.

படகைக் கரையேற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது. மூடிகளைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டு, டேங்க்கைத் தொடும் முன்பே பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். அடியில் உள்ள தானியங்கி பம்ப் தானாக ஓடினால் பொறியும் வரலாம், சிந்திய எண்ணெயும் வெளியே போகும். மிச்ச எண்ணெயைக் கைப்பம்ப்பால் எடுக்கவும். வீட்டு வாக்குவம் கிளீனரைப் பயன்படுத்தவே கூடாது, அதன் மோட்டார் பொறி விடும். 100 லிட்டர் டீசல் ஏறக்குறைய 84 கிலோ, ஆகவே காலி செய்யாமல் தூக்க முயல வேண்டாம். பிறகு குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் அடையாளம் கட்டி, டேங்க்கின் துளைகளை அடைத்துத் தூக்குங்கள்.

வாசல் வழியே வரவில்லையா? பெட்ரோல் டேங்க்கை உள்ளே வைத்து வெட்டாதீர்கள். தளத்தை அறுத்து எடுப்பது செலவானாலும் அதுவே மேல். கழுவிய பிறகும் உள்ளே உள்ள தடுப்புத் தகடுகளின் இடுக்குகளில் எண்ணெய் மிஞ்சும். ஆவி அளக்கும் கருவி வைத்திருப்பவரை அழைத்துவிடுங்கள்.

டேங்க்கை எடுத்தபின் மேல்தளத்தில் எண்ணெய் ஊற்றும் வாயையும் அன்றே கழற்றி மூடிவிடுங்கள். விவரம் தெரியாத ஒருவர் பம்ப்பில் நின்று அதற்குள் ஊற்றினால், அத்தனையும் நேராகப் படகின் அடியில் போய் நிற்கும்.