மட்டாஞ்சேரிக்குத் தொண்டு செய்யப் போகும் இளைஞருக்கு

படித்து முடித்ததும் ஒரு வருடத்தைத் தங்கள் சமயம் சார்ந்த தொண்டுக்குக் கொடுக்கிற இளைஞர்கள் பல வழிகளில் வருகிறார்கள். இயேசு சபையிலும் சலேசிய சபையிலும் குருத்துவப் பயிற்சி பெறுவோர், தத்துவப் படிப்புக்கும் இறையியல் படிப்புக்கும் நடுவே பணித்தளத்தில் சில காலம் வேலை செய்வது நெடுநாள் வழக்கம். ஜெர்மனி அரசு 2008இல் தொடங்கிய ‘வெல்ட்வேர்ட்ஸ்’ திட்டம், 18 முதல் 28 வயது வரை உள்ளவர்களைத் திருச்சபை அமைப்புகள் வழியாகவும் வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. பள்ளிவாசல், கோயில், குருத்வாரா சார்ந்த அறப்பணிகளுக்கு வருவோரும் உண்டு. அப்படி ஒருவர் கொச்சியின் மட்டாஞ்சேரிக்குப் போனால் அவருடைய நாள் எப்படி இருக்கும், அவர் எதற்குத் தயாராக வேண்டும்?

முதலில் ஊரை அறியுங்கள்

1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதர்களின் ஜெபாலயமும் பழையன்னூர் பகவதி கோயிலும் இங்கே ஒரே மதிலைப் பகிர்ந்து நிற்கின்றன. போர்ச்சுகீசியர் காலத்தில் கோவாவை விட்டு வந்த கொங்கணி மக்களின் திருமலை தேவசம் கோயில் செர்லாயில் இருக்கிறது. குஜராத்தி தெருவில் 1904இல் எழுந்த தர்மநாதர் சமணக் கோயில், கொச்சங்காடியில் செம்பிட்ட பள்ளிவாசல், 1653இல் மார்த்தோமா கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்த கூனன் குருசுத் தலம் என எல்லாம் நடந்து போகும் தொலைவுதான். பக்கத்துக் கோட்டைக் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி வெளுக்கின்றன.

இதில் தொண்டர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நீங்கள் எந்தக் கடவுளின் பெயரால் வந்திருந்தாலும், உங்களுக்குக் கதவைத் திறப்பவர் பெரும்பாலும் வேறு வழிபாட்டைச் சேர்ந்தவராகவே இருப்பார்.

ஒரு நாள்

தங்குமிடத்து வழிபாட்டோடு காலை தொடங்கும். பிறகு சமையலறையும் தண்ணீரும். மேற்குக் கொச்சியில் குடிநீர்த் தட்டுப்பாடு பழைய துயரம். குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்து வைப்பதும் உங்கள் வேலைதான்.

காலை வேளையின் முக்கியப் பணி, பல இடங்களில், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்ப்பது. கேரளத்தில் இதை ‘பாலியேட்டிவ்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கமாகத் தொடங்கிய முயற்சி, அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் சேரச் சேர ஊர் ஊராகப் பரவியது. 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது.

வீட்டுக்குப் போகும் குழுவை நர்ஸ்தான் நடத்துவார். தொண்டர் பையைச் சுமப்பார், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கக் கைகொடுப்பார், பேச்சுக்கு ஆளாக இருப்பார். மருந்தின் அளவை மாற்றுவதும், பயிற்சியில்லாமல் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் அவர் வேலையல்ல. இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் மனைவியையோ மகளையோ ஒரு மணி நேரம் வெளியே அனுப்பிவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அந்த வீட்டுக்கு அது பெரிய உதவி. கடைக்குப் போகவும் நிம்மதியாகக் குளிக்கவும் அவர்களுக்கு நேரம் கிடைப்பது அப்போதுதான்.

மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை இருக்கலாம். தமிழ் தெரிந்தவருக்கு மலையாளம் பாதி புரிந்துவிடும். அந்தப் பாதியை நம்பி இருந்துவிடாதீர்கள். எங்கே வலிக்கிறது, மருந்து எப்போது கொடுத்தார்கள் என்பதில் தவறாகப் புரிந்துகொள்ள இடமில்லை. அதனால் முதல் மாதங்களில் தினமும் மொழிக்கு நேரம் ஒதுக்குங்கள். வீட்டு மனிதர்களைச் சேட்டா, சேச்சி, இக்கா, இத்தா என்று அந்த ஊர் வழக்கப்படியே அழையுங்கள்.

மீறக் கூடாதவை

நோயாளியின் தலைமாட்டில் சமயப் பிரச்சாரம் வேண்டாம். அவரே கேட்டால் அவருடைய பிரார்த்தனையில் மரியாதையோடு உடனிருங்கள். பணமோ வேலையோ வாங்கித் தருவதாகச் சொல்லாதீர்கள். குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளின் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. வார விடுமுறையைத் தவறாமல் எடுங்கள். படகிலோ 2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவிலோ ஏறி காயலைச் சுற்றி வாருங்கள். ஓய்வில்லாத தொண்டரின் எரிச்சல் கடைசியில் நோயாளி மேல்தான் விழும்.

சேருவதற்கு முன் கேளுங்கள்

வேலை நேரம் எழுத்தில் இருக்கிறதா? பயிற்சி தருவது யார்? மனம் கலங்கும்போது யாரிடம் பேசலாம்? குழந்தைகளின் பாதுகாப்புக்கு எழுதிய விதிகள் உண்டா? இவற்றுக்குத் தெளிவான பதில் தராத அமைப்பில் சேர வேண்டாம்.

விடியற்காலையில் உங்களை எழுப்பிவிடுவது உங்கள் நம்பிக்கைதான். ஆனால் உதவி பெறுகிறவர் அதற்கு ஈடாக எதையும் தர வேண்டியதில்லை, நன்றியைக்கூட. இதை மனத்தில் வைத்து ஒரு வருடம் நேரம் தவறாமல் போய் வாருங்கள். கிளம்பும் முன், எந்த வீட்டில் யாருக்கு என்ன தேவை என்பதை எழுதி, குழுவின் ஒப்புதலோடு அடுத்து வருபவரிடம் ஒப்படையுங்கள். ஆள் மாறினாலும் அந்த வீடுகளுக்குப் பார்வையாளர் வருவது நிற்கக் கூடாது.