பழைய மரம் அறுக்கும் மெஷினை எடைக்குப் போடாதீர்கள்

உங்கள் மோட்டார் கொட்டகை மூலையில், உரச் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு பழைய மரம் அறுக்கும் மெஷின் கிடக்கிறதா? அப்பா காலத்தில் வாங்கியது, எஸ்டேட் ஏலத்தில் எடுத்தது, மர வியாபாரி கடனுக்கு ஈடாக விட்டுப்போனது என்று அதற்கு ஏதாவது ஒரு கதை இருக்கும். கயிற்றை இழுத்தால் ஓடாது. பழைய இரும்புக்காரர் வந்தால் கிலோ கணக்கில் விலை சொல்வார்.

கொடுத்துவிடாதீர்கள். அதே நேரம், தூசி தட்டிவிட்டு அப்படியே மரத்தடிக்கும் தூக்கிப் போய்விடாதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

கஜா நேரத்தில் பட்ட பாடு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் டெல்டாவிலும் புதுக்கோட்டைப் பக்கமும் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பாதையைத் திறக்க வேண்டும், கிணற்று மேட்டில் கிடக்கும் மரத்தை அகற்ற வேண்டும். மெஷின் வைத்திருப்பவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

எங்கள் கொட்டகையிலும் பழைய மெஷின் ஒன்று இருந்தது. அவசரத்தில் பைக்கில் இருந்த பெட்ரோலைப் பிடித்து ஊற்றினேன். நாலைந்து இழுப்பில் ஓடிவிட்டது. மூன்றாவது மரம் அறுக்கும்போது சத்தம் கீச்சென்று ஏறியது. பிறகு ஒரேயடியாக நின்றது. கயிறு அசையவே இல்லை.

பட்டறையில் சைலன்சரைக் கழற்றிய மெக்கானிக், துவாரம் வழியாக பிஸ்டனைக் காட்டினார். மேலிருந்து கீழாக ஆணியால் கீறியதுபோல் கோடுகள். “பெட்ரோல்ல ஆயில் கலந்தீங்களா தம்பி?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பிஸ்டனும் சிலிண்டரும் மாற்ற ஆன செலவில் ஐந்தாறு நாள் வாடகைக்கு மெஷின் எடுத்திருக்கலாம்.

இது இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின். இதற்குத் தனியாக என்ஜின் ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு. ஆயில் கலக்காமல் ஓட்டினால், பல வருடம் உழைத்த மெஷினும் அரை மணி நேரத்தில் வீணாகிவிடும்.

இருவர் தூக்கிய ரம்பம்

கையில் இருப்பது எப்படிப்பட்ட மெஷின் என்று தெரிந்தால் அதைப் பராமரிப்பது எளிது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1926-ல் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். அடுத்த ஆண்டே எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலில் ஓடுவதை டோல்மார் என்ற மலையில் சோதித்துப் பார்த்தார். அதன் எடை 58 கிலோ. இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்துக்கொண்டுதான் அறுக்க வேண்டும்.

அன்றைய சங்கிலிகளின் பல் கை ரம்பத்தின் பல்லைப் போலவே இருந்தது. அடிக்கடி மழுங்கும், தூள் அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோ காக்ஸ், 1946-ல் ஒரு மரக்கட்டையில் வண்டுப் புழு இடமும் வலமுமாகக் குடைந்து செல்வதைக் கவனித்தார். அந்தப் புழுவின் தாடை மாதிரியே வளைந்த பல்லை இடம் ஒன்று, வலம் ஒன்றாக வைத்துச் சங்கிலி செய்து, 1947-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று உங்கள் மெஷினில் ஓடும் சங்கிலியும் அந்த வழியில் வந்ததுதான்.

1959-ல் ஸ்டீல் நிறுவனத்தின் ‘கான்ட்ரா’ வந்தது. பல்சக்கரப் பெட்டி இல்லாமல் நேரடியாகச் சங்கிலியைச் சுழற்றும் இந்த மெஷினின் எடை சுமார் 12 கிலோ. அதன் வழியில் வந்த 070 என்ற சுமார் 105 சி.சி. மெஷினும், அதைப் பார்த்துச் செய்த நகல்களும் மர டிப்போக்களில் இன்றும் ஓடுகின்றன. மெதுவாகச் சுற்றும், இழுவை அதிகம், பாகங்கள் குறைவு. பழைய மெஷின்கள் நீண்ட நாள் உழைப்பதற்கு இதுவே காரணம்.

ஓட வைக்கும் முன் நான்கு சோதனைகள்

எடுத்த எடுப்பில் கயிற்றை இழுக்காதீர்கள். முதலில் மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு பிசுக்கை எடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டாம்.

1. அழுத்தம்: ஸ்பார்க் பிளக்கை மாட்டிய நிலையில், ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தரையிலிருந்து சற்றே தூக்குங்கள். அழுத்தம் நன்றாக இருந்தால் மெஷின் தன் எடையில் விட்டு விட்டு, மெதுவாக இறங்கும். சரசரவென்று இறங்கினால் ரிங் தேய்ந்திருக்கலாம். சைலன்சரைக் கழற்றி பிஸ்டனைப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் செலவு செய்யலாம். ஆழமான கோடுகள் இருந்தால், அந்த மாடலுக்குப் பிஸ்டன் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

2. தீப்பொறி: பழைய மெஷின்களில் இப்போதைய எலக்ட்ரானிக் இக்னிஷன் இருக்காது. சுழல் சக்கரத்துக்கு அடியில் பிளாட்டினம் பாயிண்ட் இருக்கும். பழைய ஸ்கூட்டர் வேலை தெரிந்த எந்த மெக்கானிக்கும் இதைச் சரிசெய்வார். பல நேரம் கோளாறு என்பது பாயிண்டில் படிந்த களிம்புதான். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்து, இடைவெளியைச் சுமார் 0.4 மி.மீ. வைத்தால் தீப்பொறி வந்துவிடும். பிளக் இடைவெளி 0.5 மி.மீ. போதும்.

3. எரிபொருள் வழி: டேங்கில் பழைய பெட்ரோல் கோந்துபோல் உறைந்திருக்கும். அதைக் கொட்டிக் கழுவுங்கள். டேங்குக்குள் இருக்கும் ரப்பர் குழாயும் வடிகட்டியும் விலை குறைந்தவை, யோசிக்காமல் மாற்றுங்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப் போயிருந்தால், மெஷின் ஓடியும் ஓடாமலும் படுத்தும். பெயர்த் தகடும் கார்புரேட்டர் எண்ணும் சொன்னால் உதிரிபாகக் கடையில் அதற்கான கிட் கிடைக்கும்.

4. காற்றுக் கசிவு: கிராங்க் தண்டின் இரு முனையிலும் ரப்பர் சீல் உண்டு. அது காய்ந்துவிட்டால் கூடுதல் காற்று உள்ளே போகும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் மெஷின் வேகம் இறங்காமல் அலறினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். உடனே நிறுத்துங்கள். அப்படியே ஓட்டினால் ஆயில் கலந்திருந்தும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பழைய மெஷின்களின் உடல் பெரும்பாலும் மக்னீசியக் கலவையால் ஆனது. கடலோர உப்புக்காற்று அதை அரிக்கும். உடைந்தால் சாதாரண வெல்டிங் பட்டறையில் கொடுக்காதீர்கள். மக்னீசியத் துருவல் தீப்பிடிக்கக்கூடியது.

பெட்ரோல், ஆயில் கணக்கு

பழைய மெஷினுக்கு 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. 2டி ஆயில், அதாவது 25-க்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய மெஷின்களுக்குச் சொல்லும் 20 மி.லி. கணக்கு, அதற்கென உள்ள தரமான ஆயிலுக்கானது. கையேடு இருந்தால் அதில் உள்ளபடி செய்யுங்கள். பைக்குக்கு ஊற்றும் 4டி ஆயில் இதற்கு ஆகாது. தனி கேனில் கலந்து, நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்றுங்கள். கேன் மீது ‘ஆயில் கலந்தது’ என்று எழுதி வையுங்கள். என்னைப் போல அவசரத்தில் தவறு நடக்காது.

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகவே, இரண்டு மூன்று வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். வேலை முடிந்து எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் கெடாமல் இருக்க இந்த ஒரு பழக்கமே போதும்.

சங்கிலி ஓடும் நீளமான தகட்டை ‘பார்’ என்பார்கள். அதற்குத் தனி எண்ணெய் டேங்க் உண்டு. சில பழைய மாடல்களில் கட்டை விரலால் அழுத்தினால்தான் எண்ணெய் வரும். பலர் டிராக்டரில் வடித்த கறுப்பு ஆயிலை இதில் ஊற்றுகிறார்கள். அதில் உள்ள இரும்புத் துகள் பம்பை அடைக்கும். தெறிக்கும் ஆயில் தோலுக்கும் கெடுதல். புதிய 30 அல்லது 40 கிரேடு ஆயில் ஊற்றுங்கள்.

தூள் வந்தால் அரம் எடுங்கள்

கூர்மையான சங்கிலி மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவுபோல் தூளைக் கொட்டும். தூள் வந்தும் அமுக்கி அமுக்கி அறுத்தால் சங்கிலி, பார், கிளட்ச் மூன்றும் சேர்ந்து தேயும்.

உருட்டு அரத்தின் அளவு சங்கிலியைப் பொறுத்தது. அடுத்தடுத்த மூன்று ரிவிட்டுகளின் மையத் தூரத்தை அளந்து பாதியாக்குங்கள். 3/8 அங்குலம் என்றால் 5.2 மி.மீ. அரம், பெரிய மெஷின்களில் வரும்.404 அங்குலம் என்றால் 5.5 மி.மீ. அரம். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, 30 டிகிரி சாய்வில், ஒரே திசையில் தள்ளுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கப் பல் நீளமாகிவிட்டால் வெட்டு கோணலாகப் போகும். பல்லுக்கு முன்னால் இருக்கும் குட்டைத் திமில், பல்லின் முனையைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும்; .404 சங்கிலியில் 0.8 மி.மீ. அதற்கு மேல் தேய்த்தால் மெஷின் வெடுக்கென்று கடித்து இழுக்கும்.

விழுந்த தென்னையில் மண் ஒட்டியிருக்கும். அறுக்கும் இடத்தை முதலில் வெட்டரிவாளால் சீவிவிட்டு மெஷினை வையுங்கள். வேலியோர வேம்பிலும் புளியிலும் பழைய ஆணி, முள்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். சங்கிலி மாற்றும் ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரு பக்கமும் சமமாகத் தேயும்.

பிரேக் இல்லாத மெஷின்: இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்

இனிச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது.

பாரின் முனை, அதிலும் மேல் பாதி, கிளையிலோ கட்டையிலோ பட்டுவிட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலே எகிறி, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும். எவ்வளவு பலசாலியாலும் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. அப்படி எகிறும்போது சங்கிலியை நிறுத்துவதற்காகத்தான் செயின் பிரேக் வந்தது. அது 1970-களில் பரவிய வசதி. அதற்கு முந்தைய மெஷின்களிலும், 070 போன்ற பழைய அமைப்பிலேயே தொடர்ந்து வந்தவற்றிலும் அது கிடையாது.

உங்கள் மெஷினில் இருக்கிறதா? முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். என்ஜினை நிறுத்திவிட்டு அதை முன்னோக்கித் தள்ளுங்கள். ‘டக்’ என்று விழுந்து, சங்கிலி அசையாமல் பூட்டிக்கொண்டால் பிரேக் இருக்கிறது. தடுப்பு அசையவில்லை, அல்லது தடுப்பே இல்லை என்றால் பிரேக் இல்லை.

பிரேக் இல்லாத மெஷினோடு மரம் ஏறாதீர்கள். கிளை கழிக்காதீர்கள். சாய்ந்து, இழுபட்டு நிற்கும் மரத்தில் வைக்காதீர்கள். வேர் மண்ணோடு பெயர்ந்து கிடக்கும் மரத்தைத் துண்டித்தால் அடிமரம் சடாரென்று நிமிரும். புயலுக்குப் பின் வரும் வேலையெல்லாம் இப்படிப்பட்டதுதான். அதற்குப் பிரேக் உள்ள மெஷினை வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். கூலிக்கு வரும் ஆளிடம் பழைய மெஷினைக் கொடுத்து அனுப்பவும் வேண்டாம். அவருக்கும் வீட்டில் ஆள் காத்திருக்கிறார்கள்.

எந்த மெஷினானாலும் கண்ணாடி, காது அடைப்பான், ஹெல்மெட், பூட்ஸ் வேண்டும். லுங்கியும் தோளில் துண்டுமாக மெஷினைத் தொடாதீர்கள்; துணி நுனி சிக்கினால் சங்கிலி உள்ளே இழுத்துவிடும். பழைய மெஷின்களில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் கிடையாது. தொடர்ந்து பிடித்தால் விரல் மரத்து, வெளுத்துப்போகும். சிறிது நேரம் ஓட்டினால் சிறிது நேரம் ஓய்வு கொடுங்கள்.

அப்படியானால் எதற்கு வைத்திருக்க வேண்டும்?

பிரேக் இல்லாத மெஷினையும் எடைக்குப் போட வேண்டாம் என்றே சொல்வேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய சங்கிலி ரம்பங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் கலப்பை, கவலைச் சால், ஏற்ற மரம் எல்லாம் இப்படித்தான் கண்ணெதிரே விறகாகவும் பழைய இரும்பாகவும் போயின. பார்க்க ஒன்றுகூட இல்லாத ஊர்கள் எத்தனை!

சேர்த்து வைப்பவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பெயர்த் தகட்டைச் சுரண்டாதீர்கள். புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். பழைய நிறமே அதன் வயதைச் சொல்லும். கழற்றும் திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். யார் வாங்கியது, எந்த ஆண்டு, எந்தத் தோப்பில் ஓடியது என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டுங்கள். மாதம் ஒருமுறை, பிளக்கைக் கழற்றிச் சில துளி 2டி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துவிடுங்கள். துரு ஏறாது.

எங்கள் மெஷினுக்கும் பிரேக் கிடையாது. புதுப் பிஸ்டன் போட்ட பிறகு ஒரே இழுப்பில் ஓடுகிறது. ஆனாலும் தரையில் முட்டுக் கொடுத்த கட்டையை விறகுக்குத் துண்டு போடுவதைத் தவிர வேறு எதற்கும் எடுப்பதில்லை. மற்ற வேலைக்குச் சிறிய புது மெஷின் ஒன்று வாங்கிவிட்டோம்.

ஐப்பசி மழைக்கு முன் ஒருநாள் உங்கள் கொட்டகைக்குப் போய் அந்த மெஷினை வெளியே எடுங்கள். முதலில் தடுப்பைத் தள்ளிப் பாருங்கள். பிரேக் இருந்தால் சோதனைகளை முடித்து, அரம் போட்டுத் தயாராக வையுங்கள். இல்லையென்றால் துடைத்து, அட்டை கட்டி, அலமாரியில் ஏற்றுங்கள்.