வண்டியைத் தாழ்த்துதல் வீரமாகுமா?

அண்மையில் ஒருநாள் மாலை, கிளிநொச்சியில் எம் பழைய மாணவர் ஒருவர் தமது மோட்டார் வண்டியில் எம்மை ஏற்றிக்கொண்டு தம் வீட்டுக்குப் புறப்பட்டார். வண்டியின் வயிறு நிலத்தைத் தொட்டுவிடுமோ என்னும்படி தாழ்ந்திருந்தது. கண்டி வீதியின் வழவழப்பான தார்ப்பரப்பில் அது வழுக்கி ஓடிற்று. மாணவரின் முகத்திலும் பெருமிதம் தவழ்ந்தது. ஆனால், கிரவல் ஒழுங்கைக்குள் திரும்பி முதலாவது மதகில் ஏறியதுதான் தாமதம், அடியிலிருந்து பெரியதோர் உரசல் ஓசை எழுந்தது.

“பாயப்போகும் சிறுத்தை மாதிரி இருக்கவேண்டும் என்று வில்லை வெட்டுவித்தேன், சேர்” என்றார் அவர்.

இவ்வாசையில் நியாயமே இல்லையென்று யாம் சொல்லமாட்டோம். புவியீர்ப்பு மையம் தாழத் தாழ வண்டி கவிழ்தல் அரிதாகும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த உண்மை. 1948ஆம் ஆண்டு மாதிரியில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் வண்டியின் தரைத்தட்டைச் சட்டத்தின் நடுவே இறக்கி அமைத்தது. அவ்வழியிற் பிறந்த ஹோர்னற் வண்டி 1950களின் தொடக்கத்திற் பந்தயங்களில் வெற்றிமேல் வெற்றி பெற்றது. ஆனால், அங்கே தாழ்த்தியது பொறியியலாளரின் கணக்கு. இங்கே தாழ்த்துவதோ இரும்பறுக்கும் வாள்!

வில்லின் இயல்பைச் சற்றே நோக்குவோம். பத்துச் சுற்றுடைய சுருள்வில்லில் இரண்டு சுற்றை அறுத்துவிட்டால், எஞ்சிய எட்டும் முன்னையிலும் 25 சதவீதம் கடினமாகின்றன. அதேவேளை, சில்லு மேலெழுந்து தாழ்வதற்கிருந்த இடமும் சுருங்கிவிடுகின்றது. ஆதலால், பள்ளத்தில் விழும் வண்டி அதிர்ச்சியை விழுங்க மாட்டாது துள்ளுகின்றது. நிலத்தை விட்டெழுந்த ரயருக்கு உராய்வு ஏது? உராய்வு இல்லாதபோது பிறேக்கை மிதித்துத்தான் பயன் என்ன? முன்புறத்தை மட்டும் தாழ்த்தினாலோ விளக்கொளி அருகிலேயே விழும். இரவில் வீதியிற் படுத்திருக்கும் மாடு, கிட்ட நெருங்கிய பின்னரே கண்ணுக்குத் தெரியும். வன்னியில் வண்டியோட்டுவோருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

வண்டியைத் தாழ்த்தும் கலையை வளர்த்தவர்களின் கதையும் சுவையானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மெக்சிக்கோ வழி இளைஞர் வண்டியின் பின்பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றியும் வில்லை வெட்டியும் தம் வண்டிகளைத் தாழ்த்தினர். வேகமாக ஓடுவதற்கன்று; ஊரார் பார்க்க மெல்ல மெல்ல ஊர்ந்து செல்வதற்கே! சில்லின் இரும்பு வளையத்திலும் தாழ்வாக வண்டியின் எப்பகுதியும் இருத்தலாகாது என்று 1950களின் பிற்பகுதியிற் கலிபோர்னியா சட்டமியற்றியது. உடனே, 1959இல் றொன் அகிறே என்பவர் விமானத்தின் நீரியற் பம்புகளைப் பொருத்தி, வேண்டும்போது உயரவும் வேண்டும்போது தாழவும் வல்ல வண்டியை உருவாக்கினார். அத்தடை நீங்கியது 2024ஆம் ஆண்டிலேதான். சமமான வீதிகள் நிறைந்த அந்நகரத்தாரும், உயரும் வழியையும் உடன்வைத்துக்கொண்டே தாழ்ந்தனர் என்பதை நம் இளைஞர் கருதவேண்டும்.

நம் முன்னோரின் மாட்டுவண்டிக்கு ஆளுயரச் சில்லு அமைந்தது அழகுக்காகவா? சேற்று வயலையும் குளக்கட்டையும் மாரி வெள்ளத்தையும் கடப்பதற்கன்றோ! 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் சூழ்ந்ததை நாம் மறக்கவில்லை. போரின் பின் கண்டி வீதி செப்பமுற்றது உண்மையே. ஆயினும், நம் வீடுகளிற் பல இன்னும் கிரவல் ஒழுங்கைகளின் முடிவிலேயே இருக்கின்றன.

எம் மாணவரின் வீடும் அத்தகையதே. வாசலில் அவருடைய முதிய தாயார் காத்திருந்தார். “தம்பி, நடுச்சாமத்தில் அம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், அந்த மதகை எப்படிக் கடப்பாய்?” என்று கேட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை.

அடுத்த கிழமை அவர் கல்லூரி வாசலுக்கு வந்தபோது வண்டி பழைய உயரத்தில் நின்றது. எமக்கென்னவோ, அன்றுதான் அது கம்பீரமாகத் தோன்றிற்று.